பனிக்குள் பெயின்ட் அடித்த கார்

பழைய காரைப் புதுசாக்குகிறவனிடம் "எப்படி இருக்கீங்க?" என்று யாரும் கேட்க மாட்டார்கள், "வண்டி எப்ப முடியும்?" என்றுதான் கேட்பார்கள். இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இருபது வருஷம் இருந்துவிட்டு, கொல்லிமலைக்குத் திரும்பி, திண்ணனூர் நாடு என்கிற எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்தவன் நான். ஜீப், வேன், மிளகு மூட்டை ஏற்றும் டெம்போ எல்லாம் பார்ப்பேன். பழைய கார் என்று முழுசாகப் பிரித்துக் கட்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மேலே வந்த விதம்

பேளுக்குறிச்சியில் தங்கவேலு என்று ஒரு தோட்டக்காரர். அவருடைய அப்பா ஓட்டிய கார், என்னைவிட வயதில் மூத்தது, முப்பது வருஷமாக மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தது. மகளுக்குத் தை மாசம் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் காரில்தான் மண்டபத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாமக்கல்லில் லாரிக்குக் கை வைக்க எத்தனையோ பேர் உண்டு. இந்தக் காருக்கு ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பழக்கத்தில் என்னிடம் வந்தார். நான் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

காரை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி மலைக்குக் கொண்டுவந்தோம். பாதி வளைவுகள் தாண்டியபோது கயிறு தளர்ந்து, கார் ஒரு முழம் பின்னால் நகர்ந்து லாரியின் பின்கதவில் இடித்தது. லாரியையே ஒருமுறை உலுக்கிப் போட்டது. டிரைவர் இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கயிற்றை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஓடுற வண்டிய ஏத்தறப்பவே நான் குலசாமியக் கும்புட்டுக்குவேன். நீங்க செத்த வண்டிய ஏத்திட்டு வரச் சொல்றீங்க."

மாணிக்கண்ணன் பார்த்தார்

தகரம் வெட்டி ஒட்டவும், பட்டி போட்டுப் பெயின்ட் அடிக்கவும் எனக்கு வராது. அதற்கு மாணிக்கண்ணன் வந்தார். காளப்பநாயக்கன்பட்டிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நாமக்கல்லில் நானும் அவரும் ஒரே பட்டறை; நான் இன்ஜினில் கிடப்பேன், அவர் லாரிக்குப் பெயின்ட் அடிப்பார். சாயங்காலம் அவர் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு எந்தக் கலர் ஓடியது என்று தெரிந்துவிடும். அதைச் சொல்லிச் சிரிப்போம். அப்போது சிரித்தோம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறி வருவார், சனிக்கிழமை இறங்குவார். வந்த முதல் நாள் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் அடிப்பக்கம் லேசாகக் குத்தினார். உள்ளே போய்விட்டது. தரையில் குத்தினார். அங்கேயும் போய்விட்டது. பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "இதுல காரு எங்க தம்பி இருக்குது? பெயின்ட்டுதான் காரு மாதிரி நிக்குது."

ஜாக்கி

ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம் காருக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸ் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முட்டுக் கட்டை ஒரு பக்கம்தான் வைத்திருந்தேன். செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்திருக்கிறோம். கொட்டகைக்குள் ஓடிவந்த தண்ணீரில் ஜாக்கி வழுக்கியது. சத்தம் கேட்டு நான் புரள்வதற்குள் மாணிக்கண்ணன் என் இடுப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே இழுத்துவிட்டார். என் செருப்பு மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது.

அவருடைய முழங்கை கல்லில் உரசித் தோல் வழன்று ரத்தம் வந்தது. அதைத் துண்டால் அழுத்திக்கொண்டு சொன்னார்: "காலு ரண்டும் இருக்குதா பாரு தம்பி. இருந்தா எந்திரிச்சு வந்து ஜாக்கியப் புடி."

பனி

கார்த்திகையில் பெயின்ட் வேலை ஆரம்பித்தது. கருஞ்சிவப்பு. எங்கள் பக்கம் அந்த மாசம் பனி இறங்கினால் பகல் பதினொரு மணிக்கும் எதிர்வீடு தெரியாது. ஈரக் காற்றில் பெயின்ட் அடித்தால் காயும்போது பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் பூத்துவிடும். முதல் கோட் அப்படித்தான் ஆனது. தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தோம். அதுவும் பூத்தது. தங்கவேலு தினமும் காலையில் போன் பண்ணிப் பத்திரிகை அடித்தாகிவிட்டது என்பார்.

கொட்டகையைத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடிவிடலாம், உள்ளே கரி அடுப்பு வைத்துச் சூடாக்கலாம் என்று சொன்னது நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை. முகத்துக்கு மாட்டுகிற நல்ல மூடி வாங்க வேண்டுமென்றால் நாமக்கல் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாளை விட மனசில்லாமல் நான் போகவில்லை. மாணிக்கண்ணன் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். தின்னர் வாடை வெளியே நின்ற எனக்கே கண்ணை எரித்தது. அரைமணி கழித்து வெளியே வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "பெயின்ட்டுக்குச் சூடு வேணும், எனக்குக் காத்து வேணும். உன்ற கொட்டாயில ஒன்னுதான் கெடைக்குது தம்பி."

பக்கத்துத் தோட்டம்

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்திலிருந்து என் வீடு வரை நடப்பதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நானே வேனில் வைத்துக் கீழே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். மாணிக்கண்ணன் கண் இமைக்காமல், "வெவசாயம்ங்க" என்றார். பெயின்ட் என்று சொன்னால் வேலையை நிறுத்தச் சொல்வார் என்று அவருக்குப் பயம். டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார்.

என் விரல் நகத்தில் கருஞ்சிவப்பு இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கடைசிக் கோட் பாக்கி. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள். "பக்கத்துத் தோட்டம்ங்க" என்றேன். டாக்டர் வீசிங் என்று மாத்திரையும் உறிஞ்சுகிற மருந்தும் எழுதிக்கொடுத்து, தூசியில் போகாதீர்கள் என்றார். வெளியே வந்ததும் மாணிக்கண்ணன் என் தோளில் கை போட்டுச் சிரித்தார்: "பக்கத்துத் தோட்டமா! நம்ம காட்டுல மழ பேஞ்சா சொல்லி உடு தம்பி."

கடைசிக் கோட்

நாலு நாள் படுத்திருந்துவிட்டு வந்து அடித்தார். இந்தத் தடவை பூக்கவில்லை. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. கதவில் என் முகம், என் பல்லில் இருக்கிற கறை வரை தெரிந்தது. மாணிக்கண்ணனும் பக்கத்தில் வந்து பார்த்தார். "போதும். இதுக்கு மேல என்னால ஆகாது" என்றார். காரைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நிமிஷம்

கல்யாணத்தன்று காரை நானே ஓட்டிக்கொண்டு இறங்கினேன். எழுபது வளைவிலும் பிரேக் சொன்ன பேச்சைக் கேட்டது. மண்டபத்து வாசலில் நிறுத்தினேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் காருக்கு முன்னால் நிற்க வைத்து, கதவைத் திறந்து, மூடி, பலவிதமாகப் படம் எடுத்தார்கள். பதினைந்து நிமிஷம் இருக்கும். பிறகு மாப்பிள்ளை வீட்டார், புழுக்கமாக இருக்கும், பட்டுச் சேலையில் பெட்ரோல் வாடை ஏறும் என்று சொல்லி இருவரையும் ஏசி காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கருஞ்சிவப்புக் கார் பந்தல் காலுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றது. தங்கவேலு என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்: "போட்டோல அருமையா வந்திருக்குதுங்க."

அதே டாக்டர்

மாசியில் மாணிக்கண்ணனுக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை. பேசினால் பாதி வார்த்தையில் நின்றுவிடும். அதே டாக்டரிடம் போனோம். இந்த முறை நானே முன்னால் போய், டாக்டர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்தைந்து வருஷ லாரிப் பெயின்ட், தார்ப்பாய், கரி அடுப்பு, நான் யார் என்பது எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மருந்து எழுதற அன்னைக்கு இதைச் சொல்லியிருக்கணும். இப்ப நான் எதை எழுதறது?"

காளப்பநாயக்கன்பட்டி

பங்குனியில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்தபின், அவர் மனைவி சரசக்காவிடம் நான் உட்கார்ந்து சொன்னேன். நாமக்கல் போகாமல் விட்ட அந்த ஒரு நாளைச் சொன்னேன். பக்கத்துத் தோட்டத்தையும் சொன்னேன். சொல்லிவிட்டால் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். அழவில்லை. கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அவரு உன்ற மேல வருத்தப்படல சாமி. நான் படறேன். ரண்டையும் வெச்சுக்க."

இப்போதெல்லாம் பெயின்ட் வேலை வந்தால் கீழே அனுப்பிவிடுகிறேன். அங்கே அதை அடிக்கிறவருக்கும் வீட்டில் ஒருத்தி பாத்திரம் அடுக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைக்காமல் இருக்க மட்டும் இன்னும் கைப்பழக்கம் வரவில்லை.