கிளிஞ்சல்மேட்டு வண்டிக்கு ஊற்றிய ஆயில்

மோட்டார் சைக்கிளோடு கொடுக்கும் கையேட்டில் ஒரு பக்கத்தில் வெப்பமானிப் படம் இருக்கும். எவ்வளவு சூட்டுக்கு எந்த என்ஜின் ஆயில் என்று பக்கத்திலேயே கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். காரைக்காலில் ஒரு ஷோரூமில், சர்வீஸுக்கு வரும் வண்டிகளை வாங்கி எழுதிக்கொள்ளும் வேலையில் இரண்டு வருஷம் இருந்தேன். அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்துக் கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு எழுத்து தெரியாது. படம் புரிந்திருந்தது.

மீன்கார அண்ணன் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவோம். கிளிஞ்சல்மேட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். விடிகிற நேரத்தில் கரையில் மீன் எடுத்து, வண்டியின் பின்னால் இரண்டு ஐஸ் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். தலத்தெருவில் ஆரம்பித்து எங்கள் அம்பகரத்தூர் வரைக்கும் வீடு வீடாக நிறுத்தி விற்றுவிட்டுத் திரும்பும்போது உச்சி வெயில் சாய்ந்திருக்கும். வழி முழுக்க முதல் கியரும் இரண்டாவது கியரும்தான். காற்றுபட்டுக் குளிர வேண்டிய என்ஜின் அது. ஆள் நடக்கிற வேகத்தில் போனால் அதற்குக் காற்று எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் அம்மா அவரிடம், "எம் புள்ள அங்கதான் வேலை பாக்குறான், அவன்கிட்ட வண்டிய விடுங்க" என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவர் என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, போன தடவ ஊத்துன ஆயிலு தண்ணியா இருக்கு. பத்து மணி தாண்டுனா இஞ்சினு கடகடங்குது. இந்த உசந்த சூட்டுக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். சாதாரணமாக ஓடும் வண்டிக்கு மெல்லிய ரகம் ஒன்று. கடும் வெயிலில் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு 20W-50 என்ற கெட்டியான ரகம். தெளிவாக அச்சிட்டிருந்தது. அவர் சொன்னது சரி. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் ட்ரம்மில் இருந்தது மெல்லியது மட்டும்தான். புது மாடல்களுக்கு அதுதான் என்பதால் வருகிற எல்லா வண்டிக்கும் அதையே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"ட்ரம்ல இருக்கிறத ஊத்துப்பா. மீன் விக்கிறவருக்கு ஆயில் ரகமா தெரியப் போவுது?" என்றார் மேனேஜர்.

தெரிந்துதான் கேட்கிறார் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ட்ரம் ஆயிலையே ஊற்றினோம். வண்டியை எடுக்க வந்தவர், "கெட்டி ஆயிலுதான தம்பி?" என்று கேட்டார். "நீங்க சொன்னதுதாண்ணே" என்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் அந்த வண்டி லோடு ஆட்டோவில் ஏறி வந்தது, கூடவே மீன்கார அண்ணனும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வாரண்டி இருந்தது. மேனேஜர் என்ஜினின் ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் தீய்ந்து அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. விரலில் தொட்டு மோந்தார்.

"எந்த ஊரு?"

"கிளிஞ்சல்மேடுங்க."

"அப்புறம் என்ன? மீன்பிடி போட்டுக்கு வாங்குன ஆயில இதுலயும் ஊத்தியாச்சு. மீன் வாடையில்ல அடிக்குது!" என்று அவர் சிரித்தார். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

"சத்தியமா இல்லீங்க. கடைசியா ஊத்துனது இங்கதான். தம்பி, சொல்லுங்க தம்பி" என்றார் மீன்கார அண்ணன், என்னைப் பார்த்து.

மேனேஜரும் என்னைத்தான் பார்த்தார். "எழுதுப்பா. போட் ஆயில் ஊற்றியதால் பழுது, வாரண்டி செல்லாது." எழுதினேன். அதை அவர் கையிலும் கொடுத்தேன்.

எனக்கு ஆத்திரம் ஆயிலைப் பற்றி மட்டும் இல்லை. ட்ரம்மில் இருந்ததையும் குச்சியில் ஒட்டியிருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஊர்ப் பெயரே போதுமானதாக இருந்தது. நடுக்கடலில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்த ஜனங்கள் அவர்கள். எந்த கேன் எந்த என்ஜினுக்கு என்பதில் அவர்கள் காட்டும் கவனத்தில் பாதி எங்கள் ஷோரூமில் கிடையாது. அந்த ஊர்க்காரரைப் பார்த்துத்தான் நாங்கள் ஆயில் தெரியாதவர் என்று எழுதிக் கொடுத்தோம்.

அந்தக் காகிதத்தைக் கரையில் யாரோ வாசித்துவிட்டார்கள். பிறகு நடந்ததை அம்மாதான் எனக்குச் சொன்னார். "அவரு இந்தப் பக்கம் வர்றதே இல்லடா. எல்லாரும் 'போட்டு ஆயிலு'ன்னு கூப்புடுறாங்களாம். பைபர் போட்டுக்கெல்லாம் அவருதான் ஆயிலு மாத்துவாரு, இப்ப யாரும் இஞ்சின தொடவுடுறதில்லையாம். உங்க கடையில எந்தப் பாவிடா அப்புடி எழுதுனது?"

எழுந்து போய் ஒரு தாளை எடுத்தேன். எந்த நாளில், எந்த ஆயிலை, யார் சொல்லி ஊற்றினோம், பிறகு எந்தப் பொய்யை எழுதினேன் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். வலை பின்னும் கொட்டகையில் ஏழெட்டுப் பேரோடு அவர் உட்கார்ந்திருந்தார். தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

அவர் மனைவிதான் பேசினார். "சத்தமாப் படிங்க தம்பி. பேரு வச்சவன்லாம் இங்கதான் ஒக்காந்திருக்கான்."

படித்தேன். முடித்ததும் ஒருத்தர், "ஏ போட்டு ஆயி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். மற்றவர்கள் வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"இத உங்க ஷோரூம்ல படிச்சீங்களா?" என்று கேட்டார் அந்த அக்கா.

"இல்லக்கா."

"அப்ப எங்ககிட்ட வந்து படிக்கிறீங்களே, நாங்களா ஊத்துனோம்?"

மறுநாள் காலையில், ஆட்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்து, ஷோரூமில் நின்றுகொண்டே படித்தேன். அன்று மதியத்துக்குள் எனக்கு வேலை இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. புது என்ஜின் கேட்டு நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுவில் அவர் கைநாட்டு, சாட்சியாக என் பெயர். தங்கள் பழைய ஊழியன் ஏதோ கோபத்தில் கதை கட்டுகிறான் என்று ஷோரூம்காரர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

போன வாரம் அவரைப் பார்த்தேன். இப்போது சைக்கிளில் ஒரே ஒரு பெட்டியோடு தலத்தெரு வரைக்கும்தான் வருகிறார். விசாரணையில் என்ன சொல்லப்போகிறேன் என்று அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்: ஆயிலின் ரகம், ட்ரம், கையேட்டின் பக்கம், பயந்துபோய் நான் எழுதிய பொய். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஐஸ் பெட்டி மேல் சாக்கை இழுத்து மூடிக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி. அந்தாளு மோந்து பாத்துட்டுச் சிரிச்சத மட்டும் விட்டுட்டீங்க. அத மொதல்ல சொல்லுங்க."