ஞாயிற்றுக்கிழமை ரயில்

இந்த வாரம் எனக்கு வயிற்றெரிச்சல். மருந்துக் கடை மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் — பொறாமை. அதுவும் யார் மேல்? எங்கள் மாடி வீட்டில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண் மேல்.

பர்வீன் விஸ்காம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளுடைய அத்தா ஜமால் பாய்க்குக் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் எலெக்ட்ரிக்கல் கடை. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆறு வீடு. ஆறு வீட்டிலும் ஓடுவது அவர் கடை ஃபேன்தான். நல்ல மனிதர். மகள் சினிமா சம்பந்தமாக ஏதோ படிக்கிறாள் என்பதை மட்டும் வெளியே சொல்ல மாட்டார். யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர் லைன்' என்று முடித்துக்கொள்வார்.

எனக்கும் சினிமாவுக்கும் என்ன உறவு என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு இரண்டே வரி: பன்னிரண்டு வருஷம் உதவி இயக்குநராக இருந்தேன். இயக்குநராக ஒரு நாள்கூட இருந்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை சாயங்காலம், காலேஜ் விட்டு வந்த கையோடு பர்வீன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், ஒரு அஞ்சு நிமிஷம் மேல வர்றீங்களா? காம்பெடிஷனுக்கு ஷார்ட் ஃபிலிம் பண்றேன். எடுக்கறதுக்கு முன்னாடி படத்த நீங்க ஒரு தடவை பாத்துட்டா நல்லாருக்கும்."

எடுப்பதற்கு முன்னால் படத்தை எப்படிப் பார்ப்பது? சின்னப் பெண் ஏதோ உளறுகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஹாலில் சோபாவை ஒட்டி கம்ப்யூட்டர். பூப்போட்ட உறையை எடுத்துவிட்டு ஆன் செய்தாள். பவர்பாயிண்ட்டைத் திறந்தாள். டிஜிட்டல் கேமராவில் எங்கள் மொட்டை மாடியைப் பல கோணத்தில் படம் பிடித்து, ஒரு ஷாட்டுக்கு ஒரு படம் என்று வரிசையாக அடுக்கியிருந்தாள். அதற்கு மேல் அவள் குரலிலேயே வசனம். ரயில் சத்தம்கூட இருந்தது. படங்களில் நடிக்க நிறுத்தப்பட்டிருந்தவர் ஜமால் பாய். எல்லாப் படத்திலும் ரேஷன் கார்டுக்கு போஸ் கொடுப்பதுபோல் விறைப்பாக நின்றிருந்தார். ஆனாலும் அது படம்தான். ஓடியது.

கதை என்ன தெரியுமா? வேலை தேடும் ஒரு பெண், மொட்டை மாடியில் அப்பாவை எதிரில் உட்காரவைத்து இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்க்கிறாள். அப்பா கேள்வி கேட்கிறார். அவள் மனப்பாடம் செய்த பதிலைச் சொல்கிறாள். மனதில் உள்ள நிஜமான பதிலைச் சொல்ல வாயெடுக்கும் ஒவ்வொரு தடவையும் பின்னால் மின்சார ரயில் தடதடவென்று போகிறது. நமக்குக் கேட்பதில்லை. மூன்று கேள்வி, மூன்று ரயில், படம் முடிந்தது. பெயர்: அடுத்த கேள்வி.

எனக்குப் பற்றிக்கொண்டது.

இந்த ரயில் பாதைக்குப் பக்கத்தில் பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். ரயில் போகும்போதெல்லாம் டிவி வால்யூமைக் கூட்டியிருக்கிறேன். போனில் 'இருங்க, இருங்க, ரயில் போகட்டும்' என்று கத்தியிருக்கிறேன். அதில் ஒரு கதை இருக்கிறது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? என் கதையை நான் கோடு போட்ட நோட்டுகளில் ஷாட் ஷாட்டாக எழுதிவைத்திருந்தேன். ஒன்பது நோட்டு. அதை ஒரு மனிதர் கண்ணில் காட்ட நான் ஏறிய படிகள் எத்தனை! இந்தப் பெண் இரண்டு சாயங்காலத்தில் தன் படத்தையே போட்டுக் காட்டிவிட்டாள்.

"எப்டி அங்கிள்?" என்றாள்.

"பரவாயில்லம்மா" என்றேன்.

அடுத்து எக்ஸெல் ஷீட்டைத் திறந்தாள். அதுதான் ஷூட்டிங் திட்டமாம். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரையிலிருந்து ஐந்து. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போகும் நேரமெல்லாம் சிவப்பு. ரயில் நேரமெல்லாம் பச்சை. எந்தக் கேள்வியை எந்த ரயிலுக்கு எத்தனை நிமிஷம் முன்னால் தொடங்க வேண்டும் என்றுகூடக் கட்டம் போட்டிருந்தாள்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அத்தனை பச்சையும் வார நாள் ரயில்கள்.

ஞாயிற்றுக்கிழமை இந்தத் தடத்தில் ரயில் குறைவு. நேரமும் வேறு. பர்வீனும் கேமரா பிடிக்கப்போகும் அவள் நண்பன் கார்த்திக்கும் தினமும் ரயிலில்தான் காலேஜ் போகிறார்கள். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை. ஞாயிறு அவர்கள் ஸ்டேஷன் பக்கமே போவதில்லை. ஜமால் பாய்க்கு வீட்டை விட்டால் கடை, கடையை விட்டால் பைக். உதவி இயக்குநருக்கு ஏது ஞாயிறு? பன்னிரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்காகக் குரோம்பேட்டை பிளாட்ஃபாரத்தில் காத்துக்கிடந்தவன் நான்.

"ஒரு ரயில் மிஸ்ஸானாலும் கஷ்டம் அங்கிள்" என்றாள். "கேமரா கல்யாண வீடியோ ஸ்டூடியோல வாங்குறோம். ஆடி மாசம், முகூர்த்தம் இல்ல, சும்மா கெடக்குதுன்னு குடுத்தாங்க. இதான் ஆடில கடைசி சண்டே. அடுத்த வாரத்துலேர்ந்து அவங்களுக்கு வேலை ஆரம்பிச்சுடும். எங்களுக்கும் அடுத்த சனிக்கிழமை சிடி குடுக்கணும். இதுல எதாவது தப்பு இருந்தா சொல்லுங்க."

ஒரே ஒரு வாக்கியம். 'இது சண்டே டைமிங் இல்லம்மா.' சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"பிளானிங் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? சினிமா என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியட்டும், பட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. எனக்குக் கிடைக்காதது அவளுக்கு இத்தனை சுலபமாகக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். மூன்று நாள் அவகாசம் இருந்தது. மாடிப்படியில் இரண்டு தடவை எதிரில் வந்தாள். இரண்டு தடவையும் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற சாக்கில் நானும் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். எதற்கு? அவள் விழிப்பதைப் பார்க்கத்தான்.

மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சுவருக்குப் பின்னால் தண்டவாளம். ஸ்டாண்டில் கேமரா, அதற்குப் பின்னால் கார்த்திக். பெண்ணாக நடிப்பது பர்வீனே. ஜமால் பாய் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு, பையில் பேனா குத்தி வந்திருந்தார். மூன்று இங்கிலீஷ் கேள்விகளைக் கடை பில்லின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தார்.

"இன்னா சார், நீங்களும் வந்துட்டீங்க. நான் நடிக்கிறதப் பாத்து சிரிக்கக் கூடாது" என்றார்.

பர்வீன் ஒரே ஒரு விதி சொன்னாள். "அத்தா, பக்கத்து பில்டிங் மறைக்கறதால ரயில் வர்றது கடைசி செகண்ட்லதான் தெரியும். அதனால ரயில் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. பேசிக்கிட்டே இருக்கணும்."

கேமரா ஓட ஆரம்பித்தது. முதல் கேள்வி முடிந்தது. ரயில் இல்லை. தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பர்வீன், கார்த்திக்கைப் பார்த்தாள். 'போய்க்கிட்டே இரு' என்று அவன் கையைச் சுழற்றினான். இரண்டாவது கேள்வியும் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. ஒரு எக்ஸ்பிரஸ்கூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்?

ஜமால் பாய் பில்லைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கேள்வி தீர்ந்துவிட்டது. நிறுத்தவும் கூடாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி... அடுத்த கேள்வி. இந்தப் படிப்பு படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?"

இது எழுதிக்கொடுத்த கேள்வி இல்லை. பர்வீன் ஒரு கணம் திகைத்தாள். ஆனால் நடிப்பை விடவில்லை.

"தெரியல சார்."

"தெரியாமதான் சேந்தியா?"

"சேரும்போது யாரும் கேக்கல சார்."

"கேட்டுருந்தா இன்னா சொல்லியிருப்பே?"

"கடையில உக்காரணும்னு சொல்லியிருப்பேன்."

"எந்தக் கடையில?"

"எங்க அத்தா கடையில சார். அஞ்சாவதுலேர்ந்து லீவு விட்டா அங்கதான் இருப்பேன். பில் போடுவேன். பல்பு டெஸ்ட் பண்ணிக் குடுப்பேன். பத்தாவது முடிச்சதும் எங்க அத்தா, நாளையிலேர்ந்து கடைக்கு வராதன்னுட்டாரு. ஏன்னு சொல்லல."

"ஏன்னு நீ கேட்டியா?"

"இப்பதான் சார் கேக்கறேன்."

ஜமால் பாய் கையிலிருந்த பில்லை நான்காக மடித்தார். அதைச் சட்டைப் பையில் வைத்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது வந்தது ஞாயிற்றுக்கிழமை ரயில்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற வண்டி. அவர்களுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஜமால் பாயின் உதடுகள் அசைந்தன. நடுவில் ஒரு தடவை நிறுத்தி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார். ஒரு சொல்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. ரயில் போனபோது அவர் பேசி முடித்திருந்தார். பர்வீன் தலையை ஆட்டினாள். "தேங்க் யூ சார்" என்றாள். கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேமரா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டி ஓரத்தில் நின்றபடி நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்தில் முதல் ரயில் வராத மறு விநாடியே 'கட்' என்று அலறியிருப்போம். ஃபிலிம் ஓடுகிற சத்தம் கேட்டாலே தயாரிப்பாளருக்கு மூச்சு வாங்கும். அந்த 'கட்'டில் ஜமால் பாயின் அடுத்த கேள்வி பிறந்தே இருக்காது. இவர்களுக்கு ஒரு டேப் ஒரு மணி நேரம் ஓடும், பிடிக்கவில்லை என்றால் அதன்மேலேயே மறுபடி எடுக்கலாம். அதனால் அப்பனும் மகளும் எழுதிவைத்ததெல்லாம் தீரும்வரை பேச முடிந்தது. பன்னிரண்டு வருஷம் நான் தேடிய காட்சி என் கண்ணெதிரே நடந்தது. அதை எடுத்தது நான் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் காலேஜ் செமினார் ஹாலில் படத்தைப் போட்டார்கள். ஜமால் பாய் வேலை நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். கம்ப்யூட்டரில் எடிட் செய்கிறேன் பேர்வழி என்று பர்வீன் எதையும் வெட்டி ஒட்டவில்லை. கேள்வி மாறும் அந்த இடத்திலிருந்து ரயில் போகும்வரை ஒரே ஷாட். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. முடிந்ததும் ஹால் முழுக்க எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். என் கை தட்டியது, நான் தட்டவில்லை.

படத்தின் கடைசியில் வந்த நன்றி கார்டில் முதல் பெயர் என்னுடையது.

முதல் பரிசும் அவளுக்குத்தான். மைக்கைக் கொடுத்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "அப்பா என்ன சொன்னாரு?"

"அது படத்துல இல்லயே" என்றாள். ஜமால் பாய் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

பிறகு அவள் எக்ஸெல் ஷீட் கதையைச் சொன்னாள். "வீக்டேஸ் டைமிங்க சண்டேக்குப் போட்டுட்டோம். யாருமே கவனிக்கல. பன்னெண்டு வருஷம் சினிமால இருந்த எங்க அங்கிள்கிட்டயே ஷீட்டக் காட்டுனேன். பாவம், அவரும் கவனிக்கல."

ஹாலே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு முன்னால் இரண்டு வேஷம்தான் இருந்தது: ஒன்று முட்டாள், இன்னொன்று வில்லன். நான் எழுந்து கையை உயர்த்தி, வழிந்துகொண்டே, முட்டாளை வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரமாக அது என்னை விடவில்லை. அதனால்தான் இந்தப் பத்தி.

பர்வீன், நான் கவனித்தேன்மா. ஷீட்டைப் பார்த்த மறு விநாடியே கவனித்தேன். உன் படம் நின்றுபோகட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பத்தே படி ஏறினால் அவள் வீடு. நேரில் சொல்லாமல் இங்கே எழுதுவானேன் என்று கேட்பீர்கள். கோபப்படுவாள் என்ற பயமா? கோபப்பட்டால் வாங்கிக்கொள்வேன். ஆனால் கெட்டிக்காரப் பெண். நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இப்படி ஒரு படமே வந்திருக்காது என்பது அவளுக்கு உடனே புரிந்துவிடும்.

அதற்கும் சேர்த்து ஒரு 'தேங்க்ஸ் அங்கிள்' சொல்லிவிட்டாள் என்றால்... அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.