வரம் என்று பேசியவள்

உயர்கல்வியைப் பற்றி யாராவது மேடை போட்டுப் பேசினால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. முன்பு அப்படி இல்லை. தஞ்சாவூரில் கருத்தரங்கம் என்றால் லீவு போட்டுவிட்டு முதல் வரிசையில் போய் உட்காருகிற ஆள் நான். புதிய கல்விக் கொள்கை வேண்டும், வேண்டாம், பாதி வேண்டும் என்று எத்தனை கூட்டம் கேட்டிருப்பேன்! எல்லாக் கூட்டத்திலும் மாணவர் நலன் என்ற சொல் அடிபடும். மாணவர் ஒருவரும் பேச மாட்டார். யாராவது இருந்தால் மேடைக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருப்பார்.

நீடாமங்கலத்திலிருந்து பேருந்தில் போய்வருகிற தூரத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரி. அங்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் கூட்டம் என்றால் எங்கள் கல்லூரிக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். பட்டிமன்றம் என்றால் நாற்காலி போதாது. இது எங்கள் முதல்வருக்குத் தெரியும். ஆகவே ஒரு மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து நின்ற நேரத்தில், பெற்றோர் கூட்டத்தோடு பட்டிமன்றமும் உண்டு என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். தலைப்பு: புதிய உயர்கல்விக் கொள்கை மாணவர்களுக்கு வரமா, சுமையா?

நான் சுமைக் கட்சி. ஆனால் பட்டிமன்றத்தில் நம் கட்சியை யார் கேட்கிறார்கள்? கொடுத்த பக்கத்தைப் பேச வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் கொள்கையைத் திட்டினால் கைதட்டல் நிச்சயம் என்பதால், மூத்த ஆசிரியர்கள் இருவர் சுமையை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் கிடந்த வரம் என் தலையில் விழுந்தது. "உங்களுக்கு வாய் இருக்கு மேடம், எதைக் குடுத்தாலும் பேசிடுவீங்க" என்றார் முதல்வர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

கொள்கையில் ஓர் அம்சம் இருக்கிறது. பட்டப்படிப்பை நடுவில் நிறுத்தலாம். ஓராண்டு முடித்திருந்தால் அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. பிறகு வசதிப்படும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் இது நடைமுறையில் இல்லை, வருமா என்பதும் யாருக்கும் தெரியாது. இதை நான் மேடையில் சொல்லவில்லை. சொன்னால் என் பக்கம் வலுவிழந்துவிடும் அல்லவா?

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முக்கால்வாசி விவசாயிகள். அவர்களுக்காகவே ஓர் உவமையைத் தயார் செய்து வைத்திருந்தேன். "குறுவைக்குத் தண்ணி வரலேன்னா நிலத்தை வித்துட்டா போறோம்? ஒரு போகம் சும்மா போட்டுட்டு சம்பாவுக்கு உழுவுறோம். படிப்பும் இனிமே அப்படித்தாங்க. வீட்டுல கஷ்டமா? ஒரு போகம் விடுங்க. அடுத்த போகம் அதே வரப்புலேர்ந்து ஆரம்பிங்க!"

மண்டபம் அதிர்ந்தது. நான் சேற்றில் கால் வைத்தவள் இல்லை. எங்கள் வீட்டு நிலம் என் அப்பா காலத்திலேயே கைமாறிவிட்டது. இருந்தாலும் போகம், வரப்பு என்று என்னவோ நானே நாற்று நட்டவள் மாதிரி கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். நடுவர் பக்கத்து ஊர்க்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "வரமே என்று தீர்ப்பளிக்கிறேன்" என்று மேசையைத் தட்டினார். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

ஜூனில் கல்லூரி திறந்தது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண்ணைக் காணோம். அந்த வகுப்பிலேயே கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவள்தான். "வெலை ஏறினா வெவசாயிக்கு லாபம்னு புத்தகத்துல இருக்கே மேடம், எங்க வீட்டுல ஏறலியே" என்று முதல் மாதமே கேட்டு என்னைத் திணறடித்தவள். முதலாம் ஆண்டில் அவள்தான் முதல் மதிப்பெண். ஒரு வாரம் பார்த்துவிட்டு அலுவலகத்தில் விசாரித்தேன்.

எழுத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அவங்க அப்பா வந்து டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாரு மேடம். ஒரு வருஷச் சான்றிதழும் குடுன்னு ஒரே தகராறு. அப்படி ஒண்ணு இல்லீங்கன்னா, நடுவரே தீர்ப்பு சொல்லிட்டாரு, உனக்குத் தெரியலன்னா மேல கேளுங்குறாரு! கேக்குறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களே, அந்தக் கதைதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்று மைக் பிடித்துச் சொன்னவள் நான். கேட்டவரைக் கேனை என்பது என்ன நியாயம்?

முதல்வரிடம் ஓடினேன். இரண்டாம் ஆண்டுப் பட்டியல் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, அதற்குள் டி.சி.யைத் திருப்பிக் கொடுத்தால் கிழித்துப் போட்டுவிட்டு அவளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பட்டியல் போய்விட்டால் அவ்வளவுதான். அடுத்த ஆண்டு புதிதாக முதலாம் ஆண்டில்தான் சேர வேண்டும். படித்த ஒரு வருடம் கணக்கில் வராது. ஒரு காகிதம் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதற்காகப் படித்த படிப்பு எப்படி இல்லாமல் போகும் என்று கத்தினேன். "அது ரூல் மேடம்" என்றார். நான் மேடையில் அளந்தது மட்டும் நிஜமாக இருந்திருந்தால் இந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் உதவியிருக்கும். வேண்டும், வேண்டாம் என்று கூட்டம் கூட்டமாகக் கத்தினோமே, இந்த ஒரு ரூலைப் பற்றி எவராவது வாய் திறந்தோமா?

புதன்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. அவள் அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். நாற்றங்காலில் நின்றவர் என்னைப் பார்த்ததும் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க மேடம். இந்த வெயில்ல நீங்க எதுக்கு அலையறீங்க? சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"பொண்ணை எதுக்குங்க நிறுத்துனீங்க?"

"நிறுத்தலியே! ஒரு போகம் விட்டிருக்கேன். நீங்க சொன்னாப்லதான்."

வீட்டுக்குள் அவர் மனைவி கட்டிலில் படுத்திருந்தார். உளுந்து பறிக்கும்போது வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுந்து நடமாட ஒரு வருடம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"திருவிடைமருதூர்ல எங்க அக்கா இருக்கு. நான் வந்து இருந்து பாத்துக்கறேன், புள்ள படிக்கட்டும்னுதான் சொல்லுச்சு. நாந்தான் வேணாம்னேன். அதான் அடுத்த போகம் அதே எடத்துல சேந்துக்கலாமே, அக்காவை எதுக்கு வீட்டை விட்டுட்டு வரச் சொல்லணும்?"

சேர முடியாது என்று சொன்னேன். அந்த ஏற்பாடு நம் கல்லூரியில் இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் டி.சி.யைத் திருப்பித் தர வேண்டும், அக்காவை வரச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு நீங்க பேசினது?"

"அது பட்டிமன்றம்ங்க. எந்தப் பக்கம் குடுக்கறாங்களோ அந்தப் பக்கத்தைப் பேசணும்."

"உங்க மனசுல உள்ளது இல்லியா?"

"இல்லீங்க."

"நடுவரு தீர்ப்பு சொன்னாரே?"

"அதுவும் சும்மாதாங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "சரிங்க மேடம், பாத்து செய்யறேன்" என்று மட்டும் சொல்லி, மோர் கொண்டுவரச் சொன்னார். அதை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பேருந்து நிறுத்தம் வரை அந்தப் பெண் கூட வந்தாள். அவளிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. "உனக்குத் தெரியாதா? பட்டிமன்றத்துல பேசறதெல்லாம் சட்டமா? நீயாவது அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் மேடம். உங்க டீச்சரு பொய்யா சொல்லுவாங்கன்னு கேட்டாரு அப்பா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அலுவலக வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் அந்தப் பெண்ணின் கைபேசிக்கு நான்கு முறை அழைத்தேன். அது அணைந்தே கிடந்தது. சாயங்காலம் வரை அவர் வரவில்லை. திங்கட்கிழமை வரை பொறுக்கக் கூடாதா என்று முதல்வரிடம் கெஞ்சினேன். இன்றைக்கு அனுப்பாவிட்டால் மற்ற பிள்ளைகளுக்கும் சிக்கல் என்றார். ஐந்து மணிக்குப் பட்டியல் போய்விட்டது. அந்த மனுஷன் மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். வெயிலில் வீடு தேடிப் போய்ப் படித்துப் படித்துச் சொல்லியும் வரவில்லையே, பெற்ற பெண்ணின் படிப்பு அவ்வளவு இளப்பமா என்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் கத்தித் தீர்த்தேன்.

திங்கட்கிழமை காலை வந்தார். மகளையும் அழைத்து வந்திருந்தார். மடிப்புக் கலையாத டி.சி. அவர் கையில் இருந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமையே திருவிடைமருதூரிலிருந்து வந்துவிட்டாராம். முதல்வர் பொறுமையாகத்தான் விளக்கினார். இனி அடுத்த ஆண்டு, அதுவும் முதலாம் ஆண்டில்தான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

தாழ்வாரத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினேன். "வெள்ளிக்கிழமைன்னு அத்தனை தடவை சொன்னேனே, ஏங்க வரல?"

"மன்னார்குடியில ஒரு வாத்தியாரு எனக்குப் பழக்கம். நீங்க சொன்னது நெசந்தானான்னு அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு போனேன். ஊர்ல இல்ல, சனிக்கிழமைதான் வந்தாரு" என்றார். பிறகு, என் மனம் நோகக் கூடாதே என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இதுவும் உங்களுக்குக் குடுத்த பக்கமா இருக்குமோன்னு நெனச்சுட்டேன்."