இராஜநாயகம் வைக்காத கையொப்பம்

வாசிகசாலைக்கு வருகிறவர்களை இராஜநாயகத்துக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அதனால்தான் நாள் தவறாமல் காலை எட்டரைக்கே அங்கே போய்விடுவார். வீட்டில் இகழ்வதற்கு ஆள் போதாது. இருந்த ஒரே ஆளான மனைவி புஷ்பவதி அந்த வித்தையில் அவரை எப்போதோ முந்திவிட்டார்.

உட்துறைமுகத்துக்கு அருகே, வலை காயப்போடும் வளவுக்கும் ஐஸ் கடைக்கும் நடுவில் இருக்கிற அந்த வாசிகசாலையில் ஆறு பத்திரிகை, இருபத்தெட்டுக் கதிரை, நான்கு மின்விசிறி. அவற்றில் ஒன்றுதான் மனம் வைத்துச் சுற்றும். அதன் கீழே உள்ள கதிரை இராஜநாயகத்துடையது. அப்படி எங்கும் எழுதியில்லை. எழுதியிருந்தாலும் அங்கே வருகிறவர்களில் யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது அவருடைய கருத்து.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சீமெந்து மூடைகளை எண்ணிக் குறிப்பது வேலை. நான்கு நேர்க்கோடு, மேலே ஒரு குறுக்குக்கோடு, ஐந்து மூடை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பியை வைத்துக்கொண்டு வாசிகசாலைக்கு வருகிறவர்களை எண்ணத் தொடங்கினார். மூடைகளிடம் இல்லாத ஒரு வசதி மனிதரிடம் இருந்தது, தரம் பிரிக்கலாம். 'நித்திரை', 'மரண அறிவித்தல்', 'போன் சார்ஜ்', 'மழைக்கு ஒதுங்கல்' என்று தலைப்புகள் போட்டார். 'வாசிப்பு' என்றும் ஒரு தலைப்பு இருந்தது, ஒப்புக்கு. தன்னை எங்கும் சேர்க்கவில்லை. அவர் விரித்து வைத்த பத்திரிகையின் நாலாம் பக்கம் பதினொரு மணி வரைக்கும் புரளுவதில்லை என்பதைக் கவனித்த ஒரே ஆள் நூலகர் சுஹைரா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற அந்தப் பெண்ணுக்கு அவரோடு வேறொரு வழக்கு இருந்தது.

"ஐயா, வாசலில வரவேடு கிடக்கு. இண்டைக்காவது சைன் வைங்க."

"முப்பத்திரண்டு வருசம் சைன் வைச்சனான், பிள்ளை. அதுக்குத்தான் பென்சன். இனி ஏலாது."

"நீங்க வைக்காததப் பாத்து மத்த ஆக்களும் வைக்கிறாங்க இல்ல."

"நல்ல விசயத்தில என்னைப் பின்பற்ற ஒருத்தரும் இல்லை. இதுக்கு மட்டும் பின்னால வருவினம்."

போன மாரியில் ஒரு நாள், மீன் ஏலம் முடித்து வந்த மூதூர் பக்கீர் பக்கத்துக் கதிரையில் சாய்ந்து விட்ட குறட்டை இராஜநாயகத்தைத் திடுக்கிட வைத்தது. அன்றைக்கே, வாசிகசாலையை நடத்துகிற நகரசபைக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். 'இங்கு வாசிப்போர் எவருமிலர். பொதுப்பணம் வீண்.' அவர் வேண்டியதெல்லாம் நித்திரைக்குத் தடை என்று சுவரில் ஓர் அறிவித்தல். வடிகான் பற்றி அவர் எழுதிய ஒன்பது கடிதங்களுக்கும் பதில் போடாத சபை, இதை மட்டும் வாசித்துத் தொலைத்தது. வாசிகசாலையைப் பூட்டி, அந்த இடத்தைச் சுற்றுலாத் தகவல் நிலையமாக்கப் போவதாகப் பதில் வந்தது. நிலாவெளிக் கடற்கரைக்குப் போகிறவன், நிலாவெளி எங்கே என்று கேட்க இங்கே வந்து இறங்குவானாம்.

ஒரு புதன்கிழமை, கருத்துக் கேட்கச் சபை உத்தியோகத்தர் வந்தார். எல்லாக் கதிரையும் நிறைந்து, மிச்சப்பேர் சுவரோடு நின்றார்கள். உத்தியோகத்தர் கடிதத்தை விரித்து, பெயரோடும் விலாசத்தோடும் உரக்க வாசித்தார். வாசிகசாலையில் இத்தனை பேர் ஒன்றாக ஒரு எழுத்தைக் கவனித்தது அதுதான் முதல் தடவை.

"இது உங்கட கடிதம்தானே, ஐயா?"

"ஓம்."

"வரவேட்டிலயும் ஒரு நாளைக்கு அஞ்சு சைன்தான் கிடக்கு. பிறகென்னத்துக்கு இந்த இடம்?"

இராஜநாயகம் மேலே பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாளை காலை எட்டரைக்குத் தான் எங்கே இருப்பார் என்று யோசித்தார். வீட்டுக் குசினி வாசலில், புஷ்பவதிக்கு முன்னால். சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அறுபத்திமூண்டு. போன மாசம் ஒரு நாளைக்கு வந்த ஆக்கள். எண்ணினது நான். முப்பத்திரண்டு வருசத்தில ஒரு மூடை பிழைச்சதில்லை."

"அவ்வளவு பேரும் என்ன செய்ய வந்தவை?"

அதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. கொப்பியில் இருந்தது எல்லார் முன்னாலும் வாசிக்கக் கூடிய பாஷையில் இல்லை. ஆனாலும் தொண்டையைச் செருமினார். "நித்திரை, பதினொண்டு."

எல்லாத் தலையும் பக்கீரின் பக்கம் திரும்பியது.

"பதினொண்டும் நானா?" என்றார் பக்கீர். "ஓம், படுக்கத்தான் வாறன். தேத்தண்ணிக் கடையில கோப்பை காஞ்சா எழும்பச் சொல்றான். இந்த ஊரில என்ன வாங்கப் போறாய் எண்டு கேக்காத கதிரை இங்க மட்டும்தான் இரிக்கி."

"மரண அறிவித்தல், ஒன்பது."

"அதில நானும் ஒருத்தி," என்று எல்சி எழுந்தார். மாதா கோயில் பக்கத்தில் இருக்கிறவர். "பேப்பர் வாங்க வழியில்லாத சனத்துக்கு நான்தான் போய்ச் சொல்லுறனான். எங்கட ஒழுங்கையில சரியான நாளில செத்தவீட்டுக்குப் போறது என்னாலதான். பிழையான நாளில போறவையும் இருக்கினம், இராஜநாயகம் அண்ணை."

போன வருடம் ஒரு செத்தவீட்டுக்கு, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு மலர்வளையத்தோடு போய் நின்றவர் இராஜநாயகம்தான். வாசல் வரைக்கும் சிரிப்புப் போனது.

"நித்திரையும் செத்தவீடும் வாசிகசாலைக்குக் கணக்கில்லை," என்றார் உத்தியோகத்தர்.

"சீமெந்தோ சீனியோ, எண்ணிறவனுக்கு மூடை மூடைதான்," என்றார் இராஜநாயகம். "ஆள் வரேல்லை எண்டுதானே பூட்டப் போறியள்? ஆள் வருகுது. வாற ஆள் சரியில்லை எண்டால், வேற சனத்தைக் கப்பலில இறக்குங்கோ."

அந்த அறையில் இருந்தவர்களை அவர் பாராட்டியதற்கு மிக அருகில் வந்தது அதுதான். அவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்னும் மட்டமாகக் கேட்டுப் பழகியவர்கள்.

உத்தியோகத்தர் கடிதத்தை மடித்தார். "கொப்பி உங்கட சொந்தக் கொப்பி. சபைக்கு வரவேடுதான் சாட்சி. மூண்டு மாசம் தாறன். சைன் கிடந்தால் இடம் கிடக்கும்."

மறுநாள் காலை எட்டரைக்கு வரவேட்டுக்கு முன்னால் வரிசை நின்றது. வாசிகசாலை வாசலில் வரிசை என்பதே அந்தத் தெருவுக்குப் புதினம். இராஜநாயகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முன்னால் பக்கீர், வந்த நோக்கம் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'நித்திரை' என்று எழுதிவிட்டு நகர்ந்தார்.

இராஜநாயகம் பெயரை எழுதினார். கையொப்பம் வைத்தார். பதினொரு வருடமாக வைக்காதது. நோக்கம் என்ற இடத்தில், யோசிக்காமல், 'மேற்பார்வை' என்று எழுதினார்.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுஹைரா தலைகீழாகவே வாசித்தார். "அது என்ட வேலை, ஐயா. நாலாம் பக்கத்த ரெண்டு மணித்தியாலம் பாக்கிறதுக்குப் பேர் வேற."

பின்னால் அறுபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். இராஜநாயகம் எழுதியதை ஒரே கோட்டால் வெட்டினார். பக்கீர் எழுதியதை ஒரு தரம் பார்த்தார். பிறகு, எழுதுவினைஞரின் அழகான எழுத்தில், அதன் கீழே 'மேற்படி' என்று எழுதி, பேனையைப் பின்னால் நின்ற எல்சியிடம் நீட்டிவிட்டு, தன்னுடைய கதிரைக்குப் போனார்.