குழந்தைக்கென்று வைத்த மாத்திரை

மலைமேல் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். வெளிநோயாளிச் சீட்டுகளைப் பார்த்து, ஆன்டிபயாடிக் எதற்காக எழுதப்பட்டிருக்கிறது, தேவைதானா என்று கண்காணிப்பதும் என் வேலை. வெறும் சளிக்கு எழுதியிருந்தால் சீட்டோடு டாக்டர் முன்னால் போய் நிற்பேன்.

"அவ்ளோ தூரம் ஜீப்புல வந்திருக்காங்க. வெறுங்கையோட எப்படிங்க அனுப்புறது?" என்பார்.

"நாலு நல்ல வார்த்தையோட அனுப்புங்க சார்" என்பேன். சிரித்துக்கொண்டே கோடு போட்டு அடித்துவிடுவார். இந்த விஷயத்தில் நான் கறார். அதில் எனக்குப் பெருமைதான்.

புளி உலுக்கும் பருவத்தில் ஒருநாள், புதூர்நாட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். மூக்கொழுகல், லேசான காய்ச்சல். பால் நன்றாகக் குடித்தது. டாக்டர் தாமாகவே ஆன்டிபயாடிக் எழுதவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூச்சு வாங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே தூக்கி வரச் சொன்னேன்.

அவள் சண்டை போடவில்லை. "பரவால்லீங்க. வூட்லயே செவப்பு மாத்திரை கெடக்குது, அத்த ஒடைச்சிக் குடுத்துக்கிறேன்" என்றாள்.

"அது யாருக்குக் குடுத்ததும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க. மரத்துலேர்ந்து வுழுந்து காலக் கிழிச்சிக்கினாரே, நீங்கதான குடுத்தீங்க. வலி நின்னதும் மிச்சத்த எடுத்து வெச்சிட்டாரு."

"கால் இப்ப எப்படி இருக்குது?"

"வீங்கிக்கினு இருக்குதுங்க. மஞ்சா பூசிக்கினு வேலைக்குப் போய்ட்டாரு."

எனக்குப் பகீரென்றது. காயத்துக்கென்று கொடுத்த ஆன்டிபயாடிக் அது. குழந்தைக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாதென்று சொல்லி, அவள் வந்த ஜீப்பிலேயே அவளை அனுப்பி, புருஷனையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுவரச் சொன்னேன்.

மதியம் வந்தார். கால் பளபளவென்று வீங்கி, சிவப்பு முழங்கால்வரை ஏறியிருந்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிக்குச் சொன்னார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார்.

"இன்னாத்துக்குங்க பாதியில நிறுத்துனீங்க?" வாய்விட்டே கத்திவிட்டேன்.

அவர் அட்டையை நீட்டினார். "மழை புடிச்சிக்கினா ஜீப்பு வராதுங்களே. கொழந்தைக்கு ஒண்ணுன்னா இன்னா பண்றது? என் காலு தாங்கும்ங்க."

அதை வாங்கும்போது என் கோபமெல்லாம் அடங்கிப்போனது.

கால் பிழைத்துக்கொண்டது. குழந்தையின் சளி தானாகவே போயிற்று. சளிச் சீட்டோடு டாக்டரிடம் போய் நிற்பதை நான் விடவில்லை. ஆனால் இப்போது மருந்து கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: "வூட்ல மாத்திரை மிச்சம் இருக்குதா? யாருக்காக வெச்சிருக்கீங்க?"