மாமி திருப்பிப் போட்ட கட்டில்

ஏழாம் மாதம் பிறந்ததும் எனக்கு முதலில் போனது தூக்கம், அடுத்துப் போனது பொறுமை. பொறுமை அதற்கு முன்பும் அவ்வளவாக இருந்ததில்லை என்று மச்சான் சொல்வார். கட்டிக்கொண்டவர் அப்படித்தான் சொல்வார், விடுங்கள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சாப்பிட்டால் நெஞ்சு எரிந்தது, சாப்பிடாவிட்டால் உள்ளே இருக்கிற துரைக்குக் கோபம் வந்து விலாவில் ஓர் உதை. நன்றாக இருந்த செருப்பு திடீரென்று காலை இறுக்க ஆரம்பித்தது. அவ்வப்போது வயிறு முழுக்க இறுகிக் கெட்டியாகி, பிறகு தானே தளர்ந்துவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"அது பிரசவ வலி இல்லம்மா, வயிறு ஒத்திகை பாக்குது" என்று சிரித்தார் செங்கல்பட்டில் நான் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா. கூடவே இரண்டு விஷயம் சொன்னார். இனிமேல் இடது பக்கமாகத்தான் படுக்க வேண்டும். பிள்ளை அசைவதைக் கவனிக்க வேண்டும். அசைவு குறைந்த மாதிரி தெரிந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் வந்துவிட வேண்டும்.

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டில் மூன்றே பேர். நான், கடற்கரைக்குப் போகிற வழியில் தொப்பியும் பையும் விற்கிற மச்சான், அவரைப் பெற்ற என் மாமி. டாக்டர் சொன்னதை மாமியிடம் சொன்னேன். மாமி முகம் வாடிப்போனது. வலது பக்கமாக, மக்கா இருக்கும் திசையான கிப்லாவைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்குவதுதான் முறை என்று மகனுக்கும் எனக்கும் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் அவர். அப்படிப் படுத்தால் முகம் மேற்கே இருக்கும்படி எங்கள் கட்டிலின் தலைமாட்டை வடக்கே போட்டதும் அவர்தான்.

"டாக்டரு சொன்னா கேட்டுத்தாம்மா ஆவணும். ஆனா புள்ள கிப்லாவுக்கு முதுக காட்டிக்கினு எப்படிம்மா தூங்கும்?"

"மாமி, அது உள்ள தலைகீழா தொங்கிக்கினு கீது. அதுக்கு இன்னா தெரியும், எது கெழக்கு எது மேற்குன்னு?"

மாமி சிரித்தார். ஆனால் மனசு சமாதானம் ஆகவில்லை. மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மாவும் மகனுமாகச் சேர்ந்து கட்டிலையே திருப்பிவிட்டார்கள். தலைமாடு இப்போது தெற்கே. இடது பக்கம் ஒருக்களித்தால் முகம் தானாக மேற்கே பார்க்கும்.

"டாக்டரு சொன்னதும் ஆச்சு, அல்லாவுக்கு மரியாதையும் ஆச்சு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் மாமி. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வயிறு இடித்ததால் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். என்ன, முன்பு சுவரோடு ஒட்டியிருந்த கட்டில் இப்போது பீரோவில் இடித்து, சுவர்ப் பக்கம் கொஞ்சம் சந்து விட்டு நின்றது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தலைப்பிரசவம் என்பதால் அந்த வெள்ளிக்கிழமை கருங்குழியிலிருந்து என் அம்மா வந்து என்னைக் கூட்டிப்போவதாக இருந்தது. மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க மீனாக ஆக்கிப்போட்டார். "அங்க இதெல்லாம் கெடைக்குமோ இன்னாவோ" என்பார், கருங்குழி ஏதோ பாலைவனம் மாதிரி.

வியாழக்கிழமை மதியம் அந்த மீனைத் தின்றுவிட்டுத் தூங்கினேன். பாத்ரூம் அவசரம் எழுப்பியது. தூக்கக் கலக்கத்தில் பழைய பழக்கப்படி வலது கைப் பக்கம் இறங்கினேன். அங்கே இப்போது சுவர். கால் சந்துக்குள் போக, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். மேலேயும் வர முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. "மாமி!" என்று கத்தினேன்.

இரண்டு பேர் சேர்ந்து திருப்பிய கட்டிலை மாமி ஒற்றை ஆளாக இழுத்துத் தள்ளினார். எனக்கு இடுப்பில் சிராய்ப்புதான். ஆனால் தண்ணீர் குடித்து, இடது பக்கம் படுத்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னால் தவறாமல் உதைக்கிற பிள்ளை. பாங்கு சொல்லி முடிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மாமியிடம் சொன்னேன்.

"டாக்டரு இன்னா சொன்னாரு? யோசிக்காத, கெளம்பு" என்றார் மாமி. மச்சான் கடையை அப்படியே விட்டுவிட்டு, இரவல் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் ரோட்டில் எத்தனை வேகத்தடை இருந்ததோ அத்தனையையும், அதைப் போட்டவர்களையும் திட்டித் தீர்த்தேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். மாமி வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார். ஆனால் என்னைத் தொடவில்லை. கட்டிலைத் திருப்பிய இரண்டு கையையும் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வயிற்றில் பட்டை கட்டினார்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு படபடவென்று அவசரமாக ஒரு துடிப்பு. அப்போது அழுதேன், வெட்கமில்லாமல், வாய்விட்டு. ஸ்கேனிலும் பிள்ளை அசைந்துகொண்டுதான் இருந்தது. "பயத்துல உனக்குத் தெரியல. ஆனா வந்தது நல்லது. எப்ப சந்தேகம்னாலும் இதே மாதிரி வந்துடு" என்றார் டாக்டரம்மா. நன்றாக இருட்டும் வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

அதற்குள் மச்சான் போன் போட்டதில் என் அம்மா பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். விஷயம் கேட்டதும், "நல்லாக் கெடந்த கட்டில எதுக்கு சம்மந்தி திருப்பினீங்க?" என்றார். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிற மாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் புத்தி, சம்மந்தி. இவள இங்கயே உங்க கையில வுட்டுர்றேன். பத்திரமா கூட்டிக்கினு போங்க."

எனக்கு வந்ததே கோபம். "இன்னா மாமி, நீங்களா என்னைத் தள்ளி வுட்டீங்க? அரைத் தூக்கத்துல எறங்கினது நானு. நான் போறதுன்னா நீங்களும் வாங்க, இல்லன்னா நானும் போவல!"

சம்மந்தி வீட்டில் போய்த் தங்குகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அம்மா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். "வாங்க சம்மந்தி. நம்ம வூடு இன்னா அவ்ளோ சின்னதா?" என்றார்.

மாற்றுப் புடவைகூட இல்லாமல் மாமி காரில் ஏறினார். அம்மா முன்னால் மச்சான் பக்கத்தில் உட்கார, பின்னால் நான் மாமி மேல் சாய்ந்துகொண்டேன். முக்காட்டுக்குள் இருந்த அவர் கையை இழுத்து என் வயிற்றின் மேல் வைத்தேன். மதுராந்தகம் ரோட்டில் கார் வேகம் எடுத்தபோது, சரியாக அந்தக் கைக்குக் கீழே விழுந்தது ஓர் உதை. எனக்கே வலித்தது.

மாமி கையை எடுக்கவில்லை. குனிந்து என் வயிற்றிடம் சொன்னார்:

"ஒதை கண்ணு. நல்லா ஒதை. ஒங்கம்மா திட்ட மாட்டேங்குறா, நீயாவது ஒதை."