வெற்றிலை வாங்காமல் நிற்பவர்கள்

யோகமலர் அக்காவின் சாவுக்கு, சடங்கு முடியுமுன் எழுந்துபோன ஐந்து பேர் பொறுப்பு. அவர்கள் படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள். இதை வாசித்தால் தாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

செய்தி வந்தபோது நான் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அழைத்தவர் கதிராமன் மாமா, அக்காவின் தாய்மாமன். "மனே, மலர் போயிட்டாள்" என்றார். சந்தையில் யாரோ ஒலிபெருக்கியில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்டேன். "நடு வாவிக்குள்ள" என்றார்.

எலிக்காய்ச்சல். பனிச்சங்கேணிக்கு வடக்கே இருக்கும் அவர்களுடைய குடியிருப்பிலிருந்து பெருந்தெருவுக்கு வரும் மண்பாதையை இந்த மாரி மழையும் அறுத்துவிட்டது. ஆட்டோ வரவில்லை. அக்காவைத் தோணியில் கிடத்தி வாவியைக் கடந்தார்கள். அக்கரையில் அம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றியபடி நின்றிருக்கிறது. அந்த வெளிச்சம் முகத்தில் விழும் தூரத்தில் அவருடைய மூச்சு நின்றது.

உங்களில் பலருக்கு அவரைக் கூட்டங்களில் தெரிந்திருக்கும். கடைசி வரிசையில் இருப்பார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும்வரை எழும்பமாட்டார். கூட்டம் முடிந்து, கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிய பிறகும் அவருடைய கதிரை மட்டும் மண்டபத்தின் நடுவில் கிடக்கும், அவர் அதில் இருப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் கரையோர வேடர். இந்த நாட்டின் பழங்குடியில் தமிழ் பேசுபவர்கள் அவர்கள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஆண்கள் அடுத்தவன் தோணியில் போவார்கள், அடுத்தவன் வயல்வட்டையில் கூலிக்கு நெல் வெட்டுவார்கள், காட்டில் தேன் எடுப்பார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இலங்கைத் தமிழர் என்று இருக்கும். அக்கா சொல்வார்: "பள்ளிக்கூடத்தில வேடன் எண்டு அடிப்பாங்க. கச்சேரிக்குப் போனா அரசாங்க ஆக்கள் வேடன் எண்டதுக்கு அத்தாட்சி கேப்பாங்க."

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தன் ஆட்கள் வேடர் என்று அரசாங்கம் ஏற்க வேண்டும். ஏற்றால், தலைமுறையாக இருக்கும் கரையை யாரும் வேலி போட்டு எடுக்க முடியாது. காணி உறுதியானால் பாதை கேட்கலாம். இந்த வரிசையை அவர் எத்தனை மேசைகளின் முன் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

நானும் அவரும் ஒரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அவருடைய குடியிருப்பையும், உள்நாட்டுக் காட்டோரத்தில் சிங்களம் பேசும் ஒரு வேடர் கிராமத்தையும் ஒப்பிட்டு ஒரு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுவது எங்கள் பணி. நான் கம்பஸில் படித்தவன் என்பதால் ஆய்வாளர். அவர் வேடர் என்பதால் உதவியாளர். சிங்களம் அவருக்குத்தான் தெரியும். கார்மென்ட்டில் தைத்த காலத்தில் படித்தது.

காட்டோரக் கிராமத்துக்கு நாங்கள் போன அன்று ஒரு பஸ் நிறைய வெள்ளைக்காரர் இறங்கினார்கள். ஆண்கள் இடுப்புத் துணியும் தோளில் கோடரியுமாக வரிசையில் நின்று பாடினார்கள். பஸ் போனதும் ஹீன்மெனிக்கே என்ற பெண் கழுத்து மணிகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எங்களுக்குத் தேநீர் வைத்தாள். அவளுடைய புருசன் வில்லோடு நிற்கும் படம் பெரிய ஹோட்டல்களில் தொங்குகிறதாம். அதே வில்லோடு காட்டுக்குள் போனதற்கு அவன்மேல் வழக்கும் நடக்கிறதாம். காடு இப்போது அரசாங்கத்தின் வனப் பூங்கா. அக்கா இதைத் தமிழில் எனக்குச் சொல்லத் தொடங்கி, பாதியில் சிரித்துவிட்டார். ஹீன்மெனிக்கேயும் சிரித்தாள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று அக்கா கேட்டார். ஹீன்மெனிக்கே வாசலில் கிடந்த தார்வீதியைக் கையால் காட்டினாள்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னார்: "அவங்களப் பாக்க ஆக்கள் வாறாங்க தம்பி. பாக்க வாறவங்கட வாகனத்துக்குப் பாதை வேணும். எங்களப் பாக்க ஆரு வாற?" வேசம் கட்டி நிற்பதும் ஒரு வாழ்க்கையா என்று நான் வெடித்தேன். "ஓம், கேவலம்தான்" என்றார். "ஆனா அந்தப் பொம்புள காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரியில சாவாள்."

எங்கள் அறிக்கையில் நான் ஒரு வரி எழுதினேன்: ஒரு சமூகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பட்டினி போடுகிறார்கள், மற்றதைப் பெட்டிகூட இல்லாமல். நிறுவனம் அந்த வரியை வெட்டிவிட்டு, இரு சமூகங்களும் சவால்களை எதிர்கொள்கின்றன என்று போட்டது.

அந்தப் பயணத்தில்தான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. வேடர் என்று ஏற்க அத்தாட்சி கேட்கும் அரசாங்கக் குழுவை ஊருக்கே அழைப்பது, சடங்கைக் காட்டுவது. வருடத்தில் ஒரு தடவை அறுவடைக்குப் பிறகு அவர்கள் உத்தியாக்களைக் கூப்பிடுவார்கள். உத்தியா என்றால் செத்துப்போன முன்னோர். சிலர்மேல் உரு வரும், முன்னோர் இறங்குவார்கள். நாள் முழுக்கத் தமிழ் பேசுபவர்கள் அப்போது வேறொரு பாசை பேசுவார்கள். அது ஊரில் ஒருவருக்கும் விளங்காது. அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்பது அக்காவின் கேள்வி. குழு சம்மதித்தது. ஆனால் தங்களுக்கு வசதியான மாதத்தில். அது மாரி.

கதிராமன் மாமாதான் கப்புறாளை, சடங்கை நடத்துபவர். அவர் மறுத்தார். அந்தப் பேச்சு நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"கூப்பிட்டா வருவாங்க. அதில பயமில்ல. அனுப்புறதுதான் பாடு" என்றார். நோய் வருத்தக்காரருக்காக, பிள்ளை இல்லாதவருக்காக என்று யாராவது ஒருவருக்காகத்தான் கூப்பிடுவது. யாருக்காக வந்தார்களோ அவர் கையால் வெற்றிலை வாங்கினால்தான் முன்னோர் திரும்பிப் போவார்கள். "இப்ப ஆருக்காகக் கூப்பிடுற?"

"பாக்க வாறவங்களுக்காக."

"அப்ப அவங்கதான் வெத்திலை குடுக்கணும்."

"குடுப்பாங்க மாமா. வந்தவங்க முடியுமட்டும் இருக்கமாட்டாங்களா?"

அக்கா செய்த தவறு இதுதான். எல்லோரும் தன்னைப்போல் முடியும்வரை இருப்பார்கள் என்று நம்பினார்.

பாதை அப்போது இன்னும் அறுபடவில்லை, குழு ஜீப்பில் வந்தது. சடங்கு முடிந்ததும் பாதையை நடந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அக்கா அதை என்னிடம் வந்து திரும்பவும் சொன்னார், "நடந்தாம் தம்பி" என்று. வாவிக்கரையில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தோம். பட்டப்பகல், ஆனால் மேகம் இறங்கித் தண்ணீர் ஈயத்தகடுபோல் கிடந்தது. மாமா பறையைத் தொட்டார். இரண்டு ஆண்களுக்கும், இறால் பிடிக்கும் பூமணி என்ற பெண்ணுக்கும் உரு வந்தது. பூமணியின் குரலை எனக்குத் தெரியும், கீச்சென்ற குரல். அன்று அவளுடைய வாயிலிருந்து வந்தது கிழவனின் குரல். களைத்த, பொறுமையான குரல். அது ஆடவில்லை, கத்தவில்லை. கதிரைகளில் இருந்தவர்களின் முன்னால் ஒவ்வொருவராக நின்று, எதையோ விசாரித்தது.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. பசியும் பறையும் சேர்ந்தால் மனித மூளை எதையும் செய்யும். இருந்தாலும் அது என் முன்னால் வந்தபோது நான் எழுந்து நின்றேன்.

குழுவில் ஒருவர் போனில் படம் பிடித்தார். சரியாக விழவில்லை, இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்கள் என்றார். பிறகு தூறல் விழுந்தது. சாப்பாடு எங்கோ ஹோட்டலில் சொல்லிவைத்திருந்தார்கள் போலிருக்கிறது. சாரதி ஹோர்ன் அடித்தான். ஐவரும் எழுந்தார்கள். அக்கா வெற்றிலைத் தட்டோடு ஓடினார். "ஐயா, இத மட்டும் குடுத்திட்டுப் போங்க. ஒரு நிமிசம்." தலைவர் தனக்குத்தான் தருகிறார்கள் என்று நினைத்தார். ஒரு வெற்றிலையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்து, நன்றி சொல்லி, ஜீப்பில் ஏறினார்.

பறை நின்றது. உரு வந்த மூவரும் ஒரே நேரத்தில் ஜீப்பின் பக்கம் தலையைத் திருப்பினார்கள். பிறகு அதன் பின்னால் நடந்தார்கள், ஓடாமல், வழியனுப்பப் போகும் ஆட்களைப்போல. பாதையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்றார்கள். மழை வலுத்தது. கண் சிமிட்டாமல் நின்றார்கள். மாமா தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாடி உருவை இறக்கினார். பூமணி கண் விழித்து, ஏன் எல்லோரும் தன்னைப் பார்க்கிறீர்கள் என்று வெட்கத்தோடு கேட்டாள். மாமா மட்டும் பறையைக் கீழே வைக்கவில்லை. "ஆக்கள் எழும்பிட்டாங்க" என்றார். "வந்த உத்தியாக்கள் எழும்பல்ல."

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். அந்தக் கரைக்கு நாய்கள் போவதை விட்டுவிட்டன. மாலையில் சோறு போடும்போது பெண்கள் ஒரு கோப்பை கூடுதலாக வைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லாமல் எல்லா வீட்டிலும் வைத்தார்கள். இறால் தடவும் பெண்கள் தண்ணீரில் ஒருவரையொருவர் தவறவிடாமலிருக்க "கூ" என்று குரல் கொடுப்பார்கள், மற்றவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். நான் கரையில் இருந்து கேட்டேன். போன பெண்களைவிடக் கூடுதலான குரல்கள் திரும்பி வந்தன. எதிரொலி என்று எழுதிவிடலாம். அந்த வாவியைச் சுற்றி எதிரொலிக்க மலை இல்லை.

பெண்கள் பயந்தார்கள். பூமணி தண்ணீரில் இறங்குவதையே விட்டாள். அக்கா மட்டும் வழக்கம்போல் இறங்கினார். பயமில்லையா என்று கேட்டேன். "நிக்கட்டும் தம்பி" என்றார். "எங்களோட நிக்கிறதுக்கு அவங்களாவது இருக்காங்களே."

குழுவின் முடிவும் வந்தது. சடங்கின் நிறைவுப் பகுதி பதிவாகாததால் அத்தாட்சி போதாது என்றார்கள். அக்கா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தமே இல்லாத கோபம். அடுத்த நாளே பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போய், வாசல் பூட்டும்வரை இருந்துவிட்டு வந்தார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை.

பிறகு காய்ச்சல்.

அந்த ஐவரும் அன்று இருந்திருந்தால் பாதையை நடந்து பார்த்திருப்பார்கள். பார்த்திருந்தால் ஒரு லோட் கிரவலாவது விழுந்திருக்கும். ஆட்டோ வந்திருக்கும். இது என் கணக்கு. மாமாவின் கணக்கு வேறு. சாவீட்டில் அவர் என்னைக் கூட்டிப்போய்த் தோணியைக் காட்டினார். மலரோடு மூன்று பேர்தான் அதில் ஏறினார்கள் என்றார். "ஆனா மனே, நெறஞ்ச தோணி மாதிரிக் கீழ தாண்டு தாண்டுதான் போச்சு. தண்ணி விளிம்பத் தொட்டுது. நான் எத்தினை வருசமாக் கம்பால தோணி தாங்குறவன்." அவர் அழவில்லை. தோணியின் விளிம்பில் கையை வைத்து, தண்ணீர் எட்டிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முப்பத்தோராம் நாள் காரியம் கழித்துத்தான் விசயம் முழுதாக விளங்கியது. செத்தவரைக் கூப்பிட்டு முன்னோரோடு சேர்ப்பது அவர்கள் வழக்கம். அக்காவை எப்போது கூப்பிடுவது என்று அவருடைய மகள் கேட்டாள். மாமா தலையை ஆட்டினார்.

"ஏலா புள்ள. முந்தி வந்தவங்க இன்னும் வெத்திலை வாங்கல்ல. அவங்கள அனுப்பாம இவளக் கூப்பிட ஏலா."

"அப்ப அம்மா எங்க நிக்கிறா?"

மாமா வாவியைப் பார்த்தார். அன்று மாலை இறால் பிடிக்கும் பெண்களோடு அந்தப் பிள்ளையும் முதல் தடவையாகத் தண்ணீரில் இறங்கினாள். "கூ" என்றாள். பதில் வந்ததும் நின்று, ஒவ்வொரு குரலாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபமும், கேட்டுவிட்டு எழும்பாமல் இருக்கும் பிடிவாதமும். நான் அவசரக்காரன்; எதிலும் பாதியில் எழுந்துபோகிறவன். இப்போது இருக்கப் பழகுகிறேன். அந்தக் குழுத் தலைவரை அவருடைய அலுவலகத்தில் போய்ப் பார்த்தேன். அவருக்கு யோகமலர் என்ற பெயர் நினைவில்லை. வெற்றிலைத் தட்டு நினைவிருந்தது. நல்ல மரியாதை செய்தார்கள் என்றார். அவர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்பதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், மணியடித்துப் பியோனைக் கூப்பிட்டார். நான் என் கேள்வியைக் கேட்டுவிட்டு அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அவர் எழுந்து வெளியே போனார். வரவில்லை.

ஐயா, உங்கள் ஐவரிடமும் இங்கே எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். உங்களை வேடரை நம்பச் சொல்லவில்லை. உத்தியாக்களை நம்பச் சொல்லவில்லை. நான்கூட இன்னும் நம்பவில்லை. ஒரு பெண் இறந்து, சேரவேண்டிய இடத்தில் சேராமல் நிற்கிறார் என்று ஓர் ஊர் சொல்கிறது. வாருங்கள். பாதை இல்லை, நடந்து வாருங்கள். வந்து, தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து உங்கள் கையால் கொடுத்துவிட்டு, முடியும்வரை இருங்கள்.

எப்போது வருகிறீர்கள்?